அரை நிமிடப் பேச்சும் ஐந்து விநாடித் தமிழும்

சென்ற கிழமை உங்கள் அலுவலகத்துக்கு வந்து ஒரு மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தொலைபேசி உரையாடல் என் காதில் விழுந்தது. கொழும்பு விமானம் ரத்தாகிவிட்டது. அதை உங்களில் ஒருவர் வாடிக்கையாளரிடம் இப்படிச் சொன்னார்: “அங்கிள், கொஞ்சம் லேட்டாகும் போல கிடக்கு.” யாரென்று சொல்லமாட்டேன். அவருக்கே தெரியும், இப்போது தலையைக் குனிந்துகொண்டிருப்பார். அந்த அங்கிள் குட்மேய்ஸிலிருந்து மூன்று பெட்டிகளோடு ஹீத்ரோவுக்குப் போய் நின்றாராம்.

தம்பி, தங்கச்சிமாரே, சிரிக்காதீர்கள். இந்தத் தொழிலில் நான் செய்த ஆகப் பெரிய பிழையும் அதுதான். வித்தியாசம் என்னவென்றால், நான் அதைத் தொலைபேசியில் செய்யவில்லை, ஒரு பனியாற்றின் மேலே நின்று செய்தேன்.

என்னைப் பற்றி அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டனுக்கு வருமுன் பதினாறு வருடம் சுவிஸில் இருந்தேன். மலையடிவார ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவினேன், பிறகு ஸ்கீ லிப்டில் ஆட்களை ஏற்றி இறக்கினேன். அங்கே வேலை செய்பவர்களுக்கு ஸ்கீ, அதாவது பனிச்சறுக்கு, இலவசம், அதனால் ஸ்கீ வந்தது. பிரெஞ்சும் வந்தது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று எல்லோரையும் போல நாங்களும் இல்ஃபோர்டுக்கு வந்தபோது இந்த ட்ரவல்ஸில் சேர்ந்தேன். அப்போது இங்கே இரண்டு மேசை, ஒரு பிரிண்டர். முதலாளிக்குத்தான் அந்த யோசனை வந்தது: “சந்திரன், உமக்கு ஸ்கீ தெரியும், பிரெஞ்சு தெரியும். எங்கட சனத்தைப் பனிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனால் என்ன?”

2009 மார்ச் மாதம், சுவிஸில். சின்ன விமானம் உங்களைப் பனியாற்றின் உச்சியில் இறக்கிவிடும். அங்கிருந்து மலை வழிகாட்டி ஒருவரின் பின்னால் பல கிலோமீற்றர் ஸ்கீயில் இறங்கி வரலாம். முடிவில் மலைக்குடில் ஒன்று, சூப், பிறகு கிராமத்துப் பஸ். இதுதான் பயணம். முதலாளி விளம்பரத்தில் “மேகங்களுக்கு மேலே ஒரு நாள்” என்று எழுதியிருந்தார். மேகங்களுக்கு உள்ளே ஒரு நாளாக அது முடியும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வந்தவர்கள் மூன்றே பேர், ஒரே குடும்பம். ஸ்ட்ரெதமில் கடை வைத்திருந்த யோகன் அண்ணைக்கு ஐம்பதாவது பிறந்தநாள். அவரும் மனைவி வதனி அக்காவும் நோர்வேயின் வடக்கே மீன் பக்டரியில் வேலை செய்து, பிறகு லண்டனுக்கு வந்தவர்கள். மூன்றாமவர் வதனி அக்காவின் தம்பி அன்ரன். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். லண்டனில் பஸ் ஓட்டுபவர். உள்ளரங்கப் பனிச்சறுக்குப் பள்ளியில் இரண்டு வருடம் பழகியிருந்தார். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாக வந்து நிற்பார். எந்தச் சுற்றுலா வழிநடத்துநருக்கும் கனவில் வருகிற வாடிக்கையாளர்.

யோகன் அண்ணை வேறு ரகம். படிவத்தில் ‘உங்கள் ஸ்கீ திறமை’ என்ற இடத்தில் ‘எக்ஸ்பேர்ட்’ என்பதற்கு எதிரே இரண்டு சரி போட்டிருந்தார். ஒன்று போதாது என்று நினைத்திருக்கவேண்டும்.

“தம்பி, நாங்கள் நோர்வேயில வேலைக்கே ஸ்கீயில போனனாங்கள். உங்கட சுவிஸ்காரர் எங்களுக்குப் பனி காட்டுறதோ?”

வதனி அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்ரனின் கையில் எந்நேரமும் போன் இருந்தது. காரணத்தை முதல் நாளே வதனி அக்கா என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அவர்களுடைய மூத்த அக்கா, கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் போர் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். கடைசியாக யாரோ ஒருவரின் சற்றலைற் போனில் இரண்டு நிமிடம் பேசி மூன்று கிழமை. பேசும்போது அன்ரனின் நம்பருக்குத்தான் எடுப்பார். இந்தப் பயணம் முந்திய வருடமே பதிவு செய்தது. அன்ரன் வரமாட்டேன் என்றுதான் நின்றாராம். “வீட்டில இருந்து போனைப் பாக்கிறதை அங்க வந்து இருந்து பார் எண்டு நான்தான் இழுத்துக்கொண்டு வந்தனான்” என்றார் வதனி அக்கா.

அந்த வருடம் எங்கள் எல்லோருடைய வீட்டிலும் அப்படி ஒரு போன் இருந்தது. அதனால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. என் கவனம் முழுக்க யோகன் அண்ணை மேல்தான். சத்தம் போடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் தொழிலில் பலருக்கும் உள்ள வியாதி.

வழிகாட்டி ஒரு பெண். முப்பது வயது இருக்கும். என்னைவிடப் பதினேழு வயது இளையவள். வெயிலில் கறுத்த முகம், கறுப்புக் கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெள்ளை. ஆங்கிலம் ‘குட் மோர்னிங்’குக்கு மேல் போகாது. விமானத்தில் விமானியோடு சேர்த்து ஆறு பேர். சக்கரத்துக்குக் கீழே பனிச்சறுக்குப் பலகை பூட்டிய விமானம். அது மலைச்சரிவை நோக்கி மேல்முகமாகத்தான் இறங்கும். கண்ணாடி முழுக்க வெள்ளைச் சுவர் ஓடி வருவது போல இருக்கும். அன்ரன் சிலுவை போட்டார். யோகன் அண்ணை “இதெல்லாம் ஒண்டுமில்லை” என்று பெரிதாகச் சொன்னார். அவருடைய கை என் தொடையைப் பிடித்திருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன், நானும் கவனிக்காதவன் போல இருந்தேன்.

விமானம் எங்களை இறக்கிவிட்டுச் சரிவில் ஓடி எழும்பிப் போனதும் ஒரு அமைதி வந்தது. வானம் துடைத்துவிட்டது போல நீலம். வழிகாட்டி எங்களுக்கு இடுப்புப் பட்டிகளைக் கட்டிவிட்டாள். பிறகு ஸ்கீ தடியால் பனியைத் தட்டிக்கொண்டே பேசினாள். பிரெஞ்சில் அவள் சொன்னது இதுதான்:

“இது தரை இல்லை. கீழே ஓடுகிற பனிக்கட்டி. இதில் முப்பது மீற்றர் ஆழமான பிளவுகள் இருக்கின்றன. பல பிளவுகளைப் புதுப்பனி மூடியிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. என் தடத்தை விட்டு ஒரு மீற்றர் விலகினாலும் உள்ளே போகலாம். ஸ்கீ உங்கள் பாரத்தைப் பரப்புகிறது. அதனால் என்ன நடந்தாலும் ஸ்கீயைக் கழற்றக்கூடாது. இந்தப் பனியாற்றில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். இதை அவர்களுக்குச் சொல்.”

நான் மூன்று முகங்களையும் பார்த்தேன். பிறந்தநாள் முகம், ஏற்கெனவே பயந்த முகம், வெயிலைப் பார்த்துச் சிரித்த முகம். நல்ல நாள், ஏன் கெடுப்பான் என்று நினைத்தேன். ஆட்கள் சந்தோசமாகத் திரும்பினால்தான் அடுத்த பயணத்துக்கு ஆள் சேரும் என்றும் நினைத்தேன். அதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

“அவ போற தடத்தில வரட்டாம். அங்கால கொஞ்சம் கரடுமுரடாம்” என்றேன்.

வழிகாட்டி என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு திரும்பிப் புறப்பட்டாள்.

முதல் ஒரு மணித்தியாலம் அருமையாக இருந்தது. யோகன் அண்ணை கொஞ்சம் விறைப்பாக வந்தார், நான் வயது என்று நினைத்தேன். இடையில் ஓரிடத்தில் நின்று தண்ணீர் குடித்தோம். வழிகாட்டி மேற்கே பார்த்துக்கொண்டு ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். அங்கே மலைகளுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு எழும்பியிருந்தது. நான் யோகன் அண்ணைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். தடியை உயர்த்தி ஒரு படம், கண்ணாடியைக் கழற்றி ஒரு படம்.

அப்போதுதான் வதனி அக்கா “தம்பி!” என்று கத்தினார்.

பத்துப் பன்னிரண்டு மீற்றர் தள்ளி, ஒரு பனிமேட்டில், அன்ரனின் தலையும் தோளும் விரித்த கைகளும் மட்டும் தெரிந்தன. மிச்ச உடம்பு பனிக்குள் இருந்தது. தடத்தின் பக்கத்தில் அவருடைய ஸ்கீ இரண்டும் ஒழுங்காகச் சோடியாக நின்றன, கோவில் வாசலில் கழற்றிவைத்த செருப்பு மாதிரி.

“யாரும் அசையக்கூடாது” என்று வழிகாட்டி கத்தினாள். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அன்ரன் என்னைப் பார்த்தார். சத்தமே இல்லாத குரலில் சொன்னார்:

“அண்ணை, காலுக்குக் கீழ ஒண்டுமில்லை.”

எங்களுடைய வாயில் எப்போதும் தயாராக இருக்கிற ஆறுதல் எது? நானும் அதைத்தான் சொன்னேன். “ஒண்டுமில்லை, பயப்பிடாதேங்கோ.”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. யோகன் அண்ணை திரும்பி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை.

அடுத்த இருபது நிமிடத்தைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். கயிறும் கொக்கியும் அவளுடைய தொழில். ஸ்கீயோடு குப்புறப் படுத்து, அங்குலம் அங்குலமாக ஊர்ந்து போய், அன்ரனின் இடுப்புப் பட்டியில் கயிற்றைக் கொழுவினாள். என்னிடம் அவள் கேட்டது ஒன்றுதான்: காலை உதறவேண்டாம் என்று சொல், பேசிக்கொண்டே இரு. நான் அவருடைய பஸ் எந்த வழியால் போகிறது, எந்த நிறுத்தத்தில் சனம் கூட என்றெல்லாம் கேட்டேன். அவர் ஒவ்வொரு நிறுத்தமாகப் பெயர் சொன்னார். பிரிக்ஸ்டன் வந்தபோது வெளியே இழுத்துவிட்டோம்.

ஒரு முழங்கால் திருகியிருந்தது. போன் உள்ளே போய்விட்டது. அவர் முதலில் பார்த்தது முழங்காலை அல்ல, அந்தத் துவாரத்தை.

“ஏன் அன்ரன் போனீங்கள்?” என்று கேட்டேன். குரலில் கோபமும் இருந்திருக்கும்.

“மேட்டில சிக்னல் இருக்குமெண்டு நினைச்சன்.”

“ஸ்கீயை ஏன் கழட்டினீங்கள்?”

அவர் குழந்தை போல என்னைப் பார்த்தார். “நீங்கள்தானே அண்ணை கரடுமுரடு எண்டு சொன்னீங்கள். கரடுமுரடில ஸ்கீயோட ஏறினா விழுந்திடுவன் எண்டுதான் கழட்டினனான்.”

பிள்ளைகளே, அவர் சொல்வழி கேட்கிற மனிதர். நான் சொன்னதைத்தான் கேட்டார்.

வழிகாட்டி என்னை இரண்டடி தள்ளி அழைத்துப் போனாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்.

“காலையில் நான் அரை நிமிடம் பேசினேன். நீ ஐந்து விநாடியில் முடித்துவிட்டாய். உன் மொழி அவ்வளவு சுருக்கமானதா?”

உலகத்தில் யாரும் தமிழைப் பார்த்துக் கேட்டிருக்க முடியாத கேள்வி. வேறொரு நாளில் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

“இல்லை” என்றேன். “நான் சுருக்கினேன். அவர்கள் பயப்படுவார்கள் என்று.”

“பயப்படட்டும். பயந்தவர்கள் என் தடத்தில் வருவார்கள்.” பிறகு மேற்கே கையைக் காட்டினாள். சாம்பல் கோடு இப்போது பாதி வானம். “இருபது நிமிடத்தில் அது இங்கே வந்துவிடும். விமானமும் வராது, ஹெலிகொப்டரும் வராது. இங்கேயே நின்றால் குளிர் கொல்லும். கயிற்றில் எல்லோரையும் கட்டி, ஒன்றும் தெரியாத மேகத்துக்குள்ளால் குடிலுக்கு இறக்கவேண்டும். இப்போது நான் சொல்வதை முழுக்கச் சொல். சொல்லும்போது அவர்களின் முகத்தைப் பார்ப்பேன். முகம் மாறாவிட்டால் நீ சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.”

அவள் ஒவ்வொரு வசனமாகச் சொன்னாள். நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன். விமானம் வராது என்றேன். மூன்று மணித்தியாலம் ஆகலாம் என்றேன். போகிற வழியில் காலையில் வந்த பகுதியைவிடப் பிளவுகள் கூட என்றேன். கடைசி வசனத்தைச் சொல்லுமுன் அவளைப் பார்த்தேன். அவள் காத்துக்கொண்டு நின்றாள். சொன்னேன்:

“ஒராள் விழுந்தால் மற்றாக்கள் அந்தக் கணமே படுத்துக் கயிற்றை இறுக்கோணும். யோசிக்கக்கூடாது. பிந்தினால் எல்லாரும் உள்ளுக்க போயிடுவம். காலமை இதை நான் உங்களுக்குச் சொல்லியிருக்கோணும். அவ சொன்னவ, நான்தான் சொல்லேல்லை.”

மூன்று முகங்களும் மாறின. அவள் தலையாட்டினாள்.

இனி அழுகை வரும், சண்டை வரும், பணத்தைத் திருப்பித் தா என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலாக யோகன் அண்ணை தொண்டையைச் செருமினார்.

“தம்பி, நானும் ஒண்டு சொல்லோணும்.”

“சொல்லுங்கோ.”

“நோர்வேயில நாங்கள் ஸ்கீயில போனது உண்மை. ஆனா அது தட்டையான பாதை. வீட்டிலயிருந்து பக்டரிக்கு. மலையிலயிருந்து நான் ஒருநாளும் இறங்கினதில்லை. லண்டனில அஞ்சாறு கிளாஸ் போனனான், அவ்வளவுதான். விடியத் துவக்கம் எனக்குக் கால் நடுங்குது.”

“நான் அப்பவே சொன்னனான், உந்தப் படிவத்தைக் கிழியுங்கோ எண்டு” என்றார் வதனி அக்கா.

நான் இதை வழிகாட்டிக்கு, ஒரு சொல்லையும் விடாமல், இரண்டு சரி உட்பட, மொழிபெயர்த்தேன். அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். உடனேயே கயிற்றின் ஒழுங்கை மாற்றினாள். படிவத்தை நம்பி யோகன் அண்ணையைக் கடைசியில் கட்ட இருந்தாளாம். கடைசி ஆள்தான் மற்ற எல்லோருக்கும் பிடிமானம்.

“அப்படியென்றால் யார் நன்றாக ஸ்கீ செய்வார்கள்? உண்மையாக?”

வதனி அக்கா கையைப் பாதி உயர்த்தினார். நோர்வேயில் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தோடு ஆறு வருடம் ஒவ்வொரு குளிர்காலமும் மலைக்குப் போயிருக்கிறார். படிவத்தில் ‘சுமார்’ என்று போட்டிருந்தார். கணவர் எக்ஸ்பேர்ட் என்று போட்ட பிறகு வேறென்ன போடுவது என்றார்.

இப்படித்தான் இறங்கினோம். முன்னால் வழிகாட்டி, பின்னால் அன்ரன், யோகன் அண்ணை, நான், கடைசியில் வதனி அக்கா. மேகம் வந்து மூடியதும் எனக்கு முன்னால் போன யோகன் அண்ணையின் முதுகே தெரியவில்லை. எது மேல், எது கீழ் என்று கண்ணுக்குத் தெரியாது, கால்தான் சொல்லும். யோகன் அண்ணை எத்தனை தரம் விழுந்தார் என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு தரமும் நாங்கள் நால்வரும் தொப்பென்று படுத்தோம். ஒவ்வொரு தரமும் பின்னால் வெள்ளைக்குள் இருந்து வதனி அக்காவின் குரல் வரும்: “எழும்புங்கோப்பா.” அதில் கோபம் இல்லை. நாற்பது தரம் சொன்னாலும் அதே சுருதி. அன்ரன் ஒரு காலில் பாரத்தை வைத்து, ஒரு சத்தம் இல்லாமல், தடம் பிசகாமல் போய்க்கொண்டிருந்தார்.

ஓரிடத்தில் வழிகாட்டியின் தடி பனிக்குள் முழுக்க இறங்கியதாம். அவள் நின்று, பின்வாங்கி, சுற்றிப் போனாள். எனக்குக் கத்திச் சொன்னாள். நான் எல்லோருக்கும் சொன்னேன்: “இதில பிளவு ஒண்டு. பெரிசு. இடப்பக்கம் கால் வைக்காதேங்கோ.” யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. ஐந்து பேருக்கும் இப்போது ஒரே விசயம் தெரியும். காலையில் அது இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது.

பிற்பகல் நான்கரைக்குக் குடிலின் சுவரில் வழிகாட்டியின் ஸ்கீ இடித்தது. கதவை அல்ல, சுவரை. அவ்வளவு மேகம். சூப் குடித்தோம். அன்ரன் குடில்காரரின் தொலைபேசியிலிருந்து லண்டனில் வீட்டுக்கு எடுத்தார். அழைப்பு எதுவும் வரவில்லை என்றார்கள். அதே நம்பருக்குப் புது சிம் எடுக்கலாம் என்று நான் சொன்னேன், அதுவும் உண்மைதான். லண்டனுக்குப் போய் இரண்டாம் நாள் அந்தச் சிம்மை எடுத்தார்.

இல்ஃபோர்டுக்குத் திரும்பியதும் முதலாளி “சின்னச் சாகசம் எண்டு போடுவமோ?” என்றார். மாட்டேன் என்றேன். அடுத்த விளம்பரத்தில் பிளவு, கயிறு, மேகம் எல்லாவற்றையும் எழுதினேன். பதிவு செய்திருந்த இரண்டு பேர் விலகினார்கள். விலகவேண்டியவர்கள். நீங்கள் இப்போது பாவிக்கிற படிவத்தில் ‘எக்ஸ்பேர்ட்’ என்ற சொல் இல்லாமல், ‘கடைசியாக எப்போது, எந்த மலையில்?’ என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் யோகன் அண்ணை இருக்கிறார். நாங்கள் சீனி போட்டுச் சொன்னால் வாடிக்கையாளரும் சீனி போட்டுத்தான் சொல்வார் என்பதை அவர்தான் எனக்குக் காட்டினார்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்த வருடம் இதோடு முடியவில்லை.

போர் முடிந்த அந்த மே மாதக் கடைசியில் ஒரு மதியம் அன்ரன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பஸ் ஓட்டுகிற சீருடையோடு. கதிரையில் இருக்கவில்லை.

“அண்ணை, அக்கா எடுத்தவ. முகாமிலயிருந்து. அவவும் பிள்ளையள் ரெண்டும் இருக்கினம். அத்தான் இல்லை.”

நான் எழும்பினேன்.

“வதனி அக்காவுக்கு இன்னும் தெரியாது. அத்தான்தான் அவவைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில ஏத்திக்கொண்டு போனவர், சின்னனில. எனக்குச் சொல்ல ஏலாது. சொல்ல வெளிக்கிட்டால் காயம் எண்டு சொல்லிப்போடுவன். ஆஸ்பத்திரி எண்டு சொல்லுவன். எனக்குத் தெரியும். நீங்கள் வாறீங்களோ?”

முதலாளியிடம் சொல்லிவிட்டு அவரோடு போனேன். இல்ஃபோர்டிலிருந்து ஸ்ட்ரெதம் வரை காரில் ஒன்றரை மணித்தியாலம். எந்த வசனத்தோடு தொடங்குவது என்று முழு வழியும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வதனி அக்கா கடையின் பின்னறையில் இருந்தார். யோகன் அண்ணை முன்னால் கல்லாவில். எங்கள் இருவரையும் ஒன்றாகக் கண்டதுமே அவர் கல்லாவை விட்டு உள்ளே வந்துவிட்டார். நான் இருக்கச் சொன்னேன். பிறகு, அன்ரன் வழியில் எனக்குச் சொன்னபடியே, அக்கா இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள், எந்த முகாம், யார் போனில் பேசினார் என்று சொன்னேன். அத்தான் இறந்துவிட்டார் என்று சொன்னேன். எந்த நாள் என்று அக்கா சொன்ன நாளையும் சொன்னேன். அடக்கம் செய்ய முடியவில்லை என்பதையும் சொன்னேன்.

யோகன் அண்ணை முகத்தைப் பொத்திக்கொண்டார். வதனி அக்கா அழவில்லை, அப்போது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் சொல்லிட்டீங்களோ சந்திரன்? இன்னும் ஏதும் இருக்கோ?”

“இல்லை அக்கா. எங்களுக்குத் தெரிஞ்சது இவ்வளவும்தான்.”

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பி, அக்காவின் சின்னவனுக்கு இப்போது என்ன வயது, காலில் போடுவதற்குச் செருப்பு ஏதும் இருக்காமோ என்று கேட்டார்.